குழாய்க்குள் எத்தனை கம்பி: தங்கவயல் ரயிலில் போகும் ஒரு கணக்கு

மின்பணியாளர்களின் பேச்சில் ‘ஸ்கொயர்’ என்றொரு சொல் புழங்குகிறது. ‘ஒன் ஸ்கொயர்’, ‘ஒன்றரை ஸ்கொயர்’, ‘ரெண்டரை ஸ்கொயர்’ என்றுதான் கடையில் கம்பி கேட்கிறார்கள். சதுர மில்லிமீட்டர் என்ற அளவுப்பெயர் தேய்ந்து, அதன் முற்பாதி மட்டும் எஞ்சி நிற்கும் சொல் இது. எதன் சதுரம் என்பதைச் சொல் சொல்வதில்லை. அது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு. செம்பின் மேல் உள்ள பி.வி.சி. உறையும், அதன் மேல் சுற்றிய அலுமினியத் தாளும், எல்லாவற்றையும் மூடும் வெளியுறையும் அந்த எண்ணில் சேரா. மின்னோட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதனால் இடர்ப்பாடு எதுவும் இல்லை. குழாய்க்குள் கம்பி இழுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மின்னோட்டம் செம்பில் ஓடுகிறது. குழாயில் இடம்பிடிப்பதோ உறை.

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயில்களில் இத்தகைய கம்பிகளை இழுப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் எனச் சுரங்கங்களின் பெயர்களையே தாங்கிய நிலையங்களைக் கடந்து, பங்காருப்பேட்டையில் முதன்மைத் தடத்தில் சேர்ந்து, ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் கன்டோன்மெண்டிலும் ஆட்களை இறக்கிவிட்டுச் செல்லும் ரயில்கள் அவை. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்த பிறகு, அந்த ஊரின் உழைப்பு நாள்தோறும் பெங்களூருக்குப் போய்த் திரும்புகிறது. (2018இல் வந்த கன்னடப் படமும் 2024இல் வந்த ‘தங்கலான்’ படமும் தங்கவயலைப் பலருக்கு அறிமுகப்படுத்தின. இந்தக் காலை ரயிலை இன்னும் யாரும் படமாக்கியதாகத் தெரியவில்லை.)

அந்த ரயிலில் செல்லும் மூத்த மின்பணியாளர் ஒருவரைப் பற்றியது இப்பதிவு. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். தந்தையும் பாட்டனும் சுரங்கத்தில் இருந்தவர்கள். அவரும் சுரங்கம் மூடப்படும்வரை அதன் மின்பிரிவில் இருந்தார். இப்போது பெங்களூரின் கிழக்கு விளிம்பில் எழுந்துவரும் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கட்டுப்பாட்டுக் கம்பிவேலைக்குப் பொறுப்பாளர். குளிரூட்டும் காற்றுக்குழாய்களில் பொருத்தும் வெப்பநிலை உணரிகள், காற்றுவழியைத் திறந்து மூடும் டாம்பர்கள், அவை திறந்தனவா மூடினவா என்று திருப்பிச் சொல்லும் இணைப்புகள், இவையனைத்தும் 24 வோல்ட்டில் இயங்குபவை. அவருடன் வேலை கற்கும் இளைஞர் அதே ஊர்க்காரர், டிப்ளமா முடித்தவர், உறவுமுறையில் ‘மாமா’ என்று அழைப்பவர்.

சுரங்கத்திலும் கட்டுப்பாட்டுக் கம்பி இருந்தது. கூண்டில் ஆட்களை இறக்கவும் ஏற்றவும் கீழிருந்து மணி அடிப்பார்கள். எத்தனை மணி என்பதே மேலே சுழல்விசைப் பொறியை இயக்குபவருக்குக் கட்டளை. ஓடிக்கொண்டிருக்கும் கூண்டுக்கு ஒரு மணி என்றால் நிறுத்து என்று பொருள். அந்த ஒற்றை மணி மேலே போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. கம்பிவடங்கள் செங்குத்துக் குழியின் சுவரில் பிடிகளால் கட்டித் தொங்கவிடப்பட்டன. அங்கே வடத்தின் பகை அதன் சொந்த எடை. இடநெருக்கடி என்ற பேச்சே இல்லை. அலுவலகக் கட்டடத்தில் இது தலைகீழாகிறது. எடையைக் கூரை தாங்கிக்கொள்கிறது, இடம்தான் இல்லை.

தங்கவயலுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு பெங்களூருக்கு மூத்தது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். சிவசமுத்திரத்தில் காவிரியின் அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பியில் வந்து சுரங்கப் பொறிகளை ஓட்டியது. பெங்களூர் நகரத்துக்கு அது கிடைத்தது 1905இல். 1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, வளிமண்டல நியூட்ரினோக்களின் தடத்தைப் பதிவு செய்தார்கள். பின்னர் 1980களில் புரோட்டான் சிதைவைத் தேடிய கருவியில் 34 அடுக்குகளாக எண்ணிகள் நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றிலிருந்தும் மிகச் சிறிய மின்குறியைக் கம்பி வழியே வெளியே கொண்டுவந்தாக வேண்டும். பாறைக்குள் கம்பி இழுத்த ஊர் என்பது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல.

இனி கணக்கு. வரைபடத்தின்படி ஒவ்வொரு கிளைக்கும் 25 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் ஒன்று, அதில் மூன்று வடங்கள். ஒவ்வொரு வடமும் இரண்டு இழை, ஒவ்வோர் இழையும் ‘ஒன் ஸ்கொயர்’. நீளம் 24 மீட்டர். இடையில் நான்கு செங்கோண வளைவுகள்.

இளைஞர் முதலில் செய்த கணக்கு இது. குழாயின் உள்விட்டம் 21 மில்லிமீட்டர்; பரப்பு ஏறத்தாழ 346 சதுர மில்லிமீட்டர். அதில் 40 சதவீதம் நிரப்பலாம் என்பது விதி, அது 138. ஒரு வடத்தில் இரண்டு இழை, ஆகவே 2 சதுர மில்லிமீட்டர். 138ஐ 2ஆல் வகுத்தால் 69. ஆக, ஒரு குழாயில் 69 வடங்கள் போகும்! விடை கண்ணெதிரே பொய் என்று தெரிந்தது. கணக்கில் எந்த வரி பொய் என்பதுதான் தெரியவில்லை. ‘ஸ்கொயர்’ என்ற சொல் செய்த வேலை அது. வடத்தின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்தபோது 7 மில்லிமீட்டர் வந்தது. அதன் பரப்பு 38.5. மூன்று வடங்கள் 115.5, அதாவது மூன்றில் ஒரு பங்கு. நான்காவது நுழைந்தால் 44 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

மூத்தவர் பையைப் பெருக்குவதே இல்லை. குழாயும் வட்டம், வடமும் வட்டம். பை இரண்டிலும் இருப்பதால் வகுக்கும்போது அடிபட்டுப் போகிறது. விட்டங்களின் வர்க்கம் போதும். 21ஐ 21ஆல் பெருக்கினால் 441. ஏழேழு நாற்பத்தொன்பது, மும்முறை 147. 441இல் 147 மூன்றில் ஒன்று. சுவரில் பென்சிலால் மூன்று வரிகளில் முடிந்துவிடும் கணக்கு. ‘ஸ்கொயர்’ என்ற சொல் தன் உண்மையான வேலையைச் செய்வது இந்த இடத்தில்தான் என்று மொழியியல் படித்தவர் எவருக்கும் தோன்றும். முதல் கணக்கில் அது அளவின் பெயராக வந்து ஏமாற்றியது. இரண்டாம் கணக்கில் வினையாக வந்து உதவுகிறது.

40 சதவீதம் என்பது அமெரிக்க மின்விதித் தொகுப்பில் உள்ள எண். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வடங்களுக்கு 40; ஒரே வடம் எனில் 53; இரண்டு எனில் 31. பல இழைகள் கொண்ட வடத்தை ஒரே வட்டமாக, அதன் வெளிவிட்டத்தைக் கொண்டு எண்ண வேண்டும் என்றும், தட்டையான வடமாக இருந்தால் அதன் அகலமான பக்கத்தையே விட்டமாகக் கொள்ள வேண்டும் என்றும் அத்தொகுப்பு சொல்கிறது. இந்த மூன்று எண்களைப் பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, இரண்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு குறைவு என்பது. இரண்டு வட்டங்கள் எப்படிப் புரண்டாலும் ஒரு நேர்கோட்டில்தான் கிடக்கும். ஒரு திசையில் குழாயை அடைத்து, மறுதிசையில் வெற்றிடத்தை வீணாக்கும். 31 சதவீதத்தில் இரண்டு வடங்களும் அருகருகே சேர்ந்து குழாயின் விட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்துவிடுகின்றன. பரப்பின் சதவீதத்தை மட்டும் பார்ப்பவருக்குக் குழாய் காலியாகத் தெரியும். இழுப்பவருக்கு அப்படி இராது.

நம் நாட்டுத் தரமான ஐ.எஸ். 732இல் எந்தக் குழாயில் எத்தனை கம்பி என்ற அட்டவணை இருக்கிறது. ஆனால் அது வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் போகும் ஒற்றை இழைக் கம்பிகளை நினைத்து எழுதப்பட்டது. உறை தடித்த பல இழைக் கட்டுப்பாட்டு வடத்தை அதில் தேட முடியாது. ஆங்கிலேயர் வழிமுறை வேறு: கம்பிக்கு ஓர் எண், குழாய்க்கு ஓர் எண், குழாயின் எண் நீளம் கூடக்கூட, வளைவு கூடக்கூடக் குறையும். வளைவைக் கணக்குக்குள்ளேயே கொண்டுவருவதால் பணியாளரின் அனுபவத்துக்கு அதுவே நெருக்கமானது எனலாம். பெங்களூர்க் கட்டடங்களில் இம்மூன்றும் கலந்தே புழங்குகின்றன. வடிவமைப்பு எந்த நாட்டு அலுவலகத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து எண்ணும் மாறுகிறது.

சொல்லும் மாறுகிறது. அமெரிக்கக் கட்டட வழக்கில் 24 வோல்ட்டைத் ‘தாழ் மின்னழுத்தம்’ என்பார்கள். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணைய வழக்கிலும் நம் நாட்டிலும் தாழ் மின்னழுத்தம் என்பது 1000 வோல்ட் வரை போகும். வீட்டின் 230 வோல்ட்டும் அதற்குள் அடங்கும். 24 வோல்ட்டுக்கு இங்கே ‘மிகத் தாழ்ந்த’ என்ற அடை வேண்டும். பணியிடத்தில் அதைச் சுருக்கி ‘ஈ.எல்.வி.’ என்கிறார்கள். ஒரே சொற்றொடர் ஓர் ஆவணத்தில் தொட்டாலும் பெரிதாக ஒன்றும் செய்யாததையும், மற்றோர் ஆவணத்தில் ஆளைக் கொல்வதையும் குறிக்கிறது. இரண்டையும் ஒரே குழாயில் இழுக்கக் கூடாது என்ற விதி பல நாடுகளில் உண்டு. ஒன்றின் உறை கிழிந்தால் மற்றதில் 230 வோல்ட் ஏறும். கிழியாவிட்டாலும் உணரியின் மெல்லிய குறியில் இரைச்சல் சேரும். கலைச்சொல் உருவாக்குபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பொருள் அறியாமல் சொல்லை மட்டும் தமிழாக்கினால் கலைச்சொல் பட்டியல் நீளும். பணியிடத்தில் உயிர் போகும்.

கட்டுப்பாட்டு வடங்களில் ஓடுவது மிகக் குறைந்த மின்னோட்டம். அவை சூடேறா. ஆகவே மின்விசைக் கம்பிகளுக்குச் சொல்லப்படும் வெப்பக் காரணம் இங்கே பொருந்தாது. பிறகு ஏன் 40 சதவீதம்? உறை கிழியாமல் இழுக்கவும், பின்னொரு நாள் பழுதான வடத்தை வெளியே எடுக்கவும்தான். இரண்டாவது காரணத்தை வரைபடம் போடுபவர் எளிதில் மறந்துவிடுகிறார். குழாய் சுவருக்குள் போனபின் முப்பது ஆண்டு இருக்கும். வடம் அத்தனை ஆண்டு இருக்காது.

இனி இச்செய்தியின் மையத்துக்கு வரலாம். மூன்று வடங்கள், 33 சதவீதம். விதி 40 வரை ஒப்புகிறது. வரைபடத்தில் தவறில்லை. ஆயினும் மூத்தவர் முதல் நாளே, ‘இது ஜாம் ஆயிடும்’ என்று சொன்னார். காரணம் கேட்டபோது விரலால் காட்டினார்: ஏழும் ஏழும் ஏழும் இருபத்தொன்று. மூன்று வடங்களும் அருகருகே ஒரே வரிசையில் படுத்தால் குழாயின் உள்விட்டத்தை அப்படியே அடைத்துக்கொள்ளும். நேர்க்குழாயில் மூன்றும் முக்கோணமாக, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து போகும். வளைவில் இழுவிசை அவற்றை உட்சுவர்மேல் அழுத்துகிறது; முக்கோணம் குலைந்து மூன்றும் ஒரு வரிசையாகின்றன; வளைத்த குழாயின் வட்டமும் சற்றே நசுங்கியிருக்கும். நடுவடம் ஆப்பு வைத்ததுபோல் இறுகிக்கொள்கிறது.

குழாயின் உள்விட்டத்துக்கும் வடத்தின் விட்டத்துக்கும் உள்ள விகிதம் 2.8க்கும் 3.2க்கும் இடையில் இருந்தால் மூன்று வடங்கள் இப்படிச் சிக்கக்கூடும் என்று அமெரிக்கத் தொகுப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அது விதியன்று, குறிப்பு மட்டுமே. ஆகவே சரிபார்ப்புப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. இங்கே விகிதம் மிகச் சரியாக 3. விகிதத்தைச் சதவீதமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் வியப்பான ஒன்று தெரிகிறது. மூன்று வடங்களுக்கு இந்த இடர்ப்பகுதி ஏறத்தாழ 29 சதவீதத்தில் தொடங்கி 38 சதவீதத்தில் முடிகிறது. 40 சதவீதத்தில் வடங்கள் தடிப்பாக இருப்பதால் ஒரே வரிசையில் படுக்கவே இடமில்லை; முக்கோணம் குலையாது. அதாவது விதியின் எல்லையைத் தொடும் குழாயைவிட, எல்லைக்குச் சற்று உள்ளே பத்திரமாக இருப்பதாகத் தோன்றும் குழாயே சிக்குகிறது. குறைவாக நிரப்பினால் நல்லது என்ற பொதுப்புத்தி இந்த இடத்தில் உதவவில்லை.

வளைவுகளின் பங்கு தனி. கயிற்றைத் தூணில் சுற்றினால் பிடிப்பு மடங்குகளாகப் பெருகுவது போல, ஒவ்வொரு வளைவும் அதற்கு முன்னிருந்த இழுவிசையைப் பெருக்குகிறது. உராய்வெண் 0.4 என்று கொண்டால் ஒரு செங்கோண வளைவுக்குச் சுமார் 1.9 மடங்கு, இரண்டுக்கு 3.5, நான்குக்கு 12. செம்பு தாங்கக்கூடிய இழுவிசைக்குப் பொதுவாகக் கொள்ளும் எல்லை சதுர மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன். (செம்பின் ‘ஸ்கொயர்’ இங்கே சரியாகவே பயன்படுகிறது.) ஒரு வடத்தில் 2 சதுர மில்லிமீட்டர் என்பதால் 100 நியூட்டன், ஏறக்குறைய 10 கிலோ எடை. மூன்று வடங்களும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் 30 கிலோ. ஒருவர் உடல் சாய்த்து இழுத்தாலே எட்டிவிடும் அளவு அது. இருவர் இழுத்தால் தாண்டிவிடும்.

மூத்தவர் கேட்டது இரண்டில் ஒன்று. 32 மில்லிமீட்டர் குழாய் கொடுங்கள். அல்லது இரண்டாவது வளைவுக்குப் பின் ஓர் இழுப்புப் பெட்டி வையுங்கள். 32 குழாயின் உள்விட்டம் 28, விகிதம் 4, சிக்கல் இல்லை. அதில் ஆறு வடங்கள்கூடப் போகும்: ஆறு நாற்பத்தொன்பது 294, 784இல் அது 37.5 சதவீதம். ஆகவே இரு கிளைகளை ஒரே குழாயில் சேர்த்துக் குழாய்ச் செலவை மிச்சப்படுத்தலாம் என்றும் அவர் சொன்னார். பெட்டி வைத்தால் 12 மடங்கு 3.5 மடங்காகக் குறையும். ஒப்பந்தக்காரரின் அலுவலகத்திலிருந்து வந்த மறுமொழி, நிரப்பளவு 33 சதவீதம், அனுமதிக்கப்பட்டது 40, மாற்றம் தேவையில்லை என்பது. அது கணக்குப்படி சரியான மறுமொழி. கேட்ட கேள்விக்கான மறுமொழி அன்று.

தமக்குத் தெரிந்ததை அவரால் எழுதிக்கொடுக்க முடியவில்லை என்பதே இதில் உறுத்துவது. விகிதம், சதவீதம், மடங்கு எல்லாம் அவர் கையில் இருந்தன. அவற்றைத் தொழில்நுட்ப ஐயம் என்ற தலைப்பிட்ட ஆங்கிலப் படிவத்தில், உரிய பிரிவு எண்ணைக் குறித்து அனுப்பினால்தான் அது கருத்தாகக் கொள்ளப்படும். தமிழில் சொன்னால் முறையீடு. ஆங்கிலத்தில் எழுதினால் ஐயம். வகுப்பறையில் வழக்குவகைகள் என்று நாம் பாடம் நடத்தும் ஒன்றுக்கு இத்தகைய விலையும் உண்டு.

மூன்றாவது தளத்தில் ஒரு கிளை சிக்கியது. மூத்தவர் அன்று வேறு தளத்தில் இருந்தார். சோப்புத் தண்ணீர் ஊற்றி நான்கு பேர் இழுத்தார்கள், வடம் வந்துவிட்டது. தொடர்ச்சிச் சோதனையில் எல்லாம் சரியாகவே காட்டியது. காப்புத்தடைச் சோதனையில்தான் ஒரு வடத்தின் இழைக்கும் உறைத்தாளுக்கும் இடையே தடை வீழ்ந்திருப்பது தெரிந்தது. அந்த வடம் புகை பரவும்போது டாம்பரை மூடச் சொல்லும் வடம். சோதனை நாளில் அது வேலை செய்திருக்கும். ஈரமான ஒரு மழைக்காலத்துக்குப் பிறகும் செய்திருக்குமா என்பதற்கு உறுதி இல்லை. மூன்றையும் உருவிப் பார்த்தபோது, மூன்றாவது வளைவில் நடுவே இருந்த வடத்தின் மேலுறை ஒரு சாண் நீளத்துக்குச் சீவப்பட்டிருந்தது. வீணான வடத்தின் விலை குழுவின் கூலியில் பிடிக்கப்பட்டது.

அதன்பின் படிவத்தை இளைஞர் நிரப்பினார். ரயிலில் மாலூர் தாண்டி உட்கார இடம் கிடைத்த பிறகு, மாமா தமிழில் சொல்லச் சொல்ல அவர் கைப்பேசியில் ஆங்கிலத்தில் எழுதினார். ‘ஜாம்’ என்ற சொல்லை அப்படியே போடலாமா என்று இளைஞருக்குத் தயக்கம். அது கொச்சையாகத் தெரிந்தது. அமெரிக்கத் தொகுப்பின் குறிப்பிலும் அதே சொல்தான் இருக்கிறது என்பதை மறுநாள் பொறியாளர் ஒருவர் காட்டினார். பன்னிரண்டு நாள் கழித்து நான்காம் தளத்துக்கான வரைபடம் திருத்தி வந்தது: 32 குழாய், ஒரு குழாயில் ஆறு வடம், இரண்டாம் வளைவில் பெட்டி. முதல் இரு தளங்களின் கூரை அதற்குள் மூடப்பட்டுவிட்டது. அங்கே 25 குழாயில் மும்மூன்று வடங்கள் கிடக்கின்றன. காப்புத்தடைச் சோதனையில் அவை தேறியிருக்கின்றன. எந்தெந்தக் கிளையில் இழுப்பு இறுக்கமாக இருந்தது என்று இளைஞர் ஒரு பட்டியல் எழுதிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறார், பதினொரு கிளைகள்.